புதிய அதிபர்களே, பெற்றோரைக் காலை பத்து மணிக்கு அழைக்காதீர்கள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் பொறுப்பேற்கும் இளம் அதிபர்கள் பலரை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். பெற்றோரிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தெரியாமல் செய்கிற பிழைகள்தான் பாடசாலையைத் தோட்டத்திலிருந்து பிரித்துவிடுகின்றன.

வேலைநாளில் கூட்டம்

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அந்நேரம் அம்மாமார் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். இடையில் இறங்கி வந்தால் அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ வராது; கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அன்றைய சம்பளத்தில் பாதியை இழந்துதான் ஒரு தாய் உங்கள் மண்டபத்தில் வந்து உட்காருகிறாள்.

அட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் அப்படி வந்த சிலரை, பிரதம விருந்தினர் வரும்வரை காக்க வைத்தார்கள். அவர் வந்து பேசியதெல்லாம் தன் கட்சியைப் பற்றி. பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அரைப்பேரு போச்சு சேர், புள்ளயப் பத்தி ஒண்ணும் சொல்லலயே" என்று ஒரு தாய் கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அறிக்கையில் எழுதியது என்ன தெரியுமா? "பெற்றோருக்கு அக்கறை இல்லை." வலயக் கல்விப் பணிமனைக்குப் போன அந்த வரியை வாசித்தபோது என் கை நடுங்கியது.

சாயங்காலம் கொழுந்தை எடை போட்ட பிறகு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலிலோ கோயில் மண்டபத்திலோ வகுப்புவாரியாக அரை மணி நேரம் பேசுங்கள். ஞாயிறு என்றால் கிலோக் கணக்கில் காசு தரும் கைக்காசு வேலை உண்டா என்று முதலில் கேளுங்கள். பிள்ளையின் அப்பியாசக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத தாயும் ஆசிரியர் போட்ட சிவப்புக் கோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பாள்.

காசுக்கு மட்டும் அழைப்பது

வேண்டாம்.

தலைவரோடு பேசிவிட்டால் போதும் என்று நினைப்பது

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வந்தால் தோட்டமே வந்ததாகாது. அவரோடு ஒத்துப்போகாத குடும்பங்களின் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள். தொழிலாளரின் சிறு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் அக்காவுக்கு எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரியும். அவரிடம் பேசுங்கள்.

"அப்பா அம்மாவைக் கூட்டி வா"

தகப்பன் கொழும்பில், தாய் வெளிநாட்டில். பிள்ளையை வளர்ப்பது அம்மாச்சி. அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலாம் தவணையிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் இப்போது யார் பார்த்துக்கொள்கிறார் என்று விசாரித்து, அவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வகுப்பாசிரியரிடம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.