'புருஷன்தான்' என்று சொல்லும் முன்: ஃபாரன்சிக் ஃபைல்ஸ் பார்ப்பது எப்படி

என் மாமியார் 2023 நவம்பரில் கும்பகோணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து டேன்பரியில். ஆறு மாதம் தங்க அனுமதி. வெளியே பனி, பேச்சுத்துணைக்கு ஆளில்லை, பகலெல்லாம் டிவிதான். இரண்டாவது வாரமே 'ஃபாரன்சிக் ஃபைல்ஸ்' அத்தையைப் பிடித்துக்கொண்டது. நிஜக் கொலை வழக்குகளை ஆய்வுக்கூடத் தடயங்களை வைத்து எப்படித் துப்புத் துலக்கினார்கள் என்று காட்டும் அமெரிக்க டிவி தொடர். அவருக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனாலும் மூன்றாவது நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்.

"புருஷன்தான்."

அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே, டிவியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார். பத்துக்கு ஆறு தடவை சரியாகவும் இருக்கும். எனக்கோ வயிற்றெரிச்சல். நான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள். ஒரு முடிவு கையெழுத்தாகி வெளியே போவதற்குள் எத்தனை இடத்தில் தப்பு நடக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்த ஆறு மாதத்தில் நானும் அத்தையும் சண்டை போட்டுச் சண்டை போட்டு, இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கென்று ஒரு முறையை உண்டாக்கினோம். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நிகழ்ச்சியைப் பற்றி. 1996இல் டிஎல்சி சேனலில் 'மெடிக்கல் டிடெக்டிவ்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. உருவாக்கியவர் பால் டௌலிங். 2011 வரை சுமார் 400 பகுதிகள். விளம்பரத்தை எடுத்துவிட்டால் ஒவ்வொன்றும் 22 நிமிடம் போல. கதை சொல்லும் குரல் பீட்டர் தாமஸ் என்பவருடையது. 2016இல், 91 வயதில் இறந்துபோனார். அந்தக் குரல் ஒரு விசித்திரம். ரத்தக்கறை பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பார், ஆனால் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கும். இதைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் ஏராளம். என் கணவரும் அதில் ஒருவர்.

அதனால் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தூங்கப்போகும் நேரத்தில் பார்த்தால் பாதியில் கண் சொக்கும், யார் செய்தது என்பது மட்டும் மண்டையில் நிற்கும், எப்படித் தெரிந்தது என்பது நிற்காது. மத்தியானம் பாருங்கள், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதைப் பார்க்கும்போது முந்தைய இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோகிறது. எந்த ஊரில் எந்தப் பெண் என்றே குழம்பிவிடும். செத்துப்போனவர்கள் நிஜ மனிதர்கள்; அவர்களைக் குழப்பிக்கொள்வது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

அடுத்தது நோட்டு. இதுதான் எங்கள் முறையில் முக்கியமானது. ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: எந்த இடைவேளை, யார் மேல் சந்தேகம், ஏன். ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் ஒரே ஒரு வரி. பேனாவில் எழுத வேண்டும், பென்சில் கூடாது. ஏனென்றால் கடைசியில் "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். அத்தை பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினார். இரண்டு வாரம் கழித்து அவருடைய மூன்றாவது பத்தியை இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். 'அழல.' 'ரொம்ப அழுதான்.' 'இன்சூரன்ஸ்.' 'மூஞ்சி சரியில்ல.' 'மியூசிக்.'

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அத்தையே சிரித்துவிட்டார். அவன் திரையில் வரும்போது இசை கனமானது, அதனால் அவன்தான். அதாவது, துப்புத் துலக்கியது அத்தை இல்லை, எடிட்டர்.

அழாவிட்டாலும் குற்றம், அதிகம் அழுதாலும் குற்றம் என்றால் அந்தக் காரணம் எதற்குமே ஆகாது. அந்தப் பத்தியில் ஆய்வுக்கூடம் சம்பந்தப்பட்ட ஒரு சொல்லாவது வரும்வரை சந்தேகத்தைச் சந்தேகமாகவே வைத்திருங்கள். சரி, 'புருஷன்தான்' என்பது அடிப்படையே இல்லாத ஊகமா என்றால், இல்லை. அமெரிக்காவில் 2021இல் கொலையான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கணவர் அல்லது காதலர் போன்ற துணையால் கொல்லப்பட்டவர் என்று அரசுக் கணக்கே சொல்கிறது. ஆனால் அதே கணக்கில் மீதி இரண்டு பங்கு இருக்கிறதே.

நடித்துக் காட்டும் காட்சிகள் அடுத்த தொல்லை. நிகழ்ச்சியில் பாதிக்கு நடிகர்கள்தான் வருகிறார்கள். மங்கலான வெளிச்சம், மெதுவாக ஓடும் படம், முகம் தெரியாத ஆள் கதவைத் திறப்பது, இதெல்லாம் நடிப்பு. போலீஸ் எடுத்த போட்டோ, நீதிமன்ற வீடியோ, நேர்காணல் இவை நிஜம். ஒரு நாள் அத்தை, "அவன் கையப் பாரு, எப்படி நடுங்குது" என்றார். அது நடிகரின் கை. இயக்குநர் நடுங்கச் சொன்னார், நடுங்கியது. அன்றிலிருந்து நடிப்புக் காட்சி வந்தால் காலண்டர் தாளைக் கவிழ்த்து வைப்பது என்று விதி. அந்த நேரத்தில் எழுதக் கூடாது.

இப்போது என் பேட்டைக்கு வருகிறேன். ஆய்வுக்கூடக் காட்சி வந்ததும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நிபுணர் 'இது அவருடையது' என்கிறாரா, 'அவருடையதோடு ஒத்துப்போகிறது' என்கிறாரா? இரண்டுக்கும் நடுவில் மலையும் மடுவும் போல வித்தியாசம். நீலச் சட்டை நூல் ஒன்று கிடைத்தது, சந்தேக நபரிடம் நீலச் சட்டை இருக்கிறது என்றால் ஒத்துத்தான் போகும். என் கணவரிடமும் ஒரு நீலச் சட்டை இருக்கிறது.

எந்தத் தடயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகக் குழு 2009இல் ஓர் அறிக்கை தந்தது. ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு மனிதரோடு உறுதியாக இணைக்க முடியும் என்று கடுமையான சோதனைகளால் காட்டப்பட்டது டிஎன்ஏ முறை ஒன்றுதான் என்பது அதன் சாரம். தலைமுடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒப்பிடுவது இந்த நிகழ்ச்சியின் பழைய பகுதிகளில் அடிக்கடி வரும். 2015இல் எஃப்பிஐ தன் நிபுணர்களின் பழைய சாட்சியங்களை மறுபரிசீலனை செய்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக முடிச் சாட்சியம் சொல்லப்பட்ட 268 வழக்குகளில், 95 சதவீதத்துக்கு மேல் நிபுணர்கள் அறிவியல் அனுமதிக்கும் அளவைத் தாண்டிப் பேசியிருந்தார்கள். பல் கடித்தடம் இன்னும் மோசம். அரிசோனாவில் கடித்தடச் சாட்சியத்தால் மரண தண்டனை பெற்ற ரே குரோன் 2002இல் டிஎன்ஏவால் விடுதலையானார்.

ரத்தக்கறை தேடுவதற்கான லூமினால் என்ற ரசாயனத்தைத் தெளித்ததும் தரை நீலமாக ஒளிருமே, அந்தக் காட்சியில் எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள். ரத்தத்துக்கு ஒளிரும், உண்மை. பிளீச்சுக்கும் ஒளிரும், செம்புக்கும் ஒளிரும். "அப்ப நம்ம பாத்ரூம்ல அடிச்சா?" என்று அத்தை கேட்டார். நான் வாரா வாரம் பிளீச் ஊற்றித் தேய்க்கிற பாத்ரூம் அது. அடித்திருந்தால் என்னை அன்றே உள்ளே தள்ளியிருப்பார்கள். லூமினால் வெறும் முதல் அடி. அதற்கப்புறம் 'ரத்தம்தான் என்று உறுதிசெய்தார்கள்' என்ற வரி வருகிறதா என்று பாருங்கள்.

டிஎன்ஏ என்றால் மட்டும் அப்படியே நம்பிவிடலாமா? 2012இல் கலிபோர்னியாவில் கொலையான ஒருவரின் நகத்தில் இன்னொருவருடைய டிஎன்ஏ இருந்தது. அந்த ஆள் அன்று இரவு குடித்துவிட்டு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தவர். அவரை ஆம்புலன்சில் கொண்டுபோன அதே ஊழியர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போனார்கள். சோதனை சரி, டிஎன்ஏவும் அவருடையதுதான், ஆனால் அவர் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை.

இது எனக்கு நன்றாகப் புரியும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் ஒரு நோயாளியின் பொட்டாசியம் உயிரோடு இருக்கிறவருக்கு வரவே வராத அளவு வந்தது. கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எந்திரத்தில் கோளாறு இல்லை, எண்ணிலும் தப்பில்லை. ரத்தம் எடுத்தவர் ஒரு குழாயில் போதவில்லை என்று ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊற்றியிருக்கிறார். ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க வைக்கிற மருந்தில் பொட்டாசியம் உண்டு, அது கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த நோயாளி அப்போது இட்லி சாப்பிடாத குறையாக எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அதனால்தான் கண்டுபிடித்தோம். இதை அத்தைக்குச் சொன்ன பிறகு, ஆய்வுக்கூடக் காட்சி வந்தாலே, "ஏம்மா, யாரு எடுத்துட்டு வந்தா இத?" என்று கேட்க ஆரம்பித்தார். நீங்களும் அதையே கேளுங்கள். யார் எடுத்தார், எதில் வைத்தார், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? நிகழ்ச்சி பெரும்பாலும் பதில் சொல்லாது. நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.

பார்த்து முடித்ததும் ஒரு வேலை இருக்கிறது: அந்த வழக்கு அதற்கப்புறம் என்ன ஆனது என்று தேடுவது. பெரும்பாலான பகுதிகள் தண்டனையோடு முடிந்துவிடும். மேல்முறையீடு பல வருஷம் கழித்து வரும், அதற்குள் கேமரா அடுத்த ஊருக்குப் போயிருக்கும். எங்களுக்கு இது உறைத்தது நிகழ்ச்சியின் முதல் பகுதியில்தான்.

அது எங்கள் பக்கத்து ஊர் கதை. நியூடவுனில் இருந்த ஹெல்லே கிராஃப்ட்ஸ், டென்மார்க்கில் பிறந்த விமானப் பணிப்பெண். 1986 நவம்பரில் பனிப்புயல் சமயத்தில் காணாமல் போனார். கணவர் ரிச்சர்ட் விமானி. மரக்கிளைகளைத் தூளாக்கும் எந்திரம் ஒன்றை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். பனி வாரும் வண்டி ஓட்டிய ஒருவர் நடுராத்திரியில் சாலையோரம் அந்த எந்திரத்தைப் பார்த்திருந்தார். லேக் ஜோர் ஏரிப் பக்கம் பனியையும் மண்ணையும் சலித்தார்கள். 2,660 முடிகள், எலும்புத் துணுக்குகள், உறை போட்ட ஒரு பல். எல்லாம் சேர்த்து 85 கிராம் தேறுமா என்பது சந்தேகம். முதல் விசாரணை 1988இல் ஜூரியில் ஒரே ஒருவர் ஒத்துக்கொள்ளாததால் முறிந்தது. 1989 நவம்பரில் இரண்டாவது விசாரணையில் குற்றவாளி என்று தீர்ப்பு. சடலம் இல்லாமல் கனெக்டிகட்டில் கிடைத்த முதல் கொலைத் தண்டனை அது. மூன்று வருஷம், இரண்டு விசாரணை, திரையில் 22 நிமிடம்.

அத்தை மூன்றாவது நிமிடத்தில் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் பெருமையாகவே நடமாடினார்.

அந்தப் பகுதியின் நாயகன் ஹென்றி லீ, அப்போது மாநிலப் போலீஸ் ஆய்வுக்கூடத் தலைவர். சலித்த மண்ணிலிருந்து வழக்கைக் கட்டியவர். "இவருக்குக் கோயில் கட்டணும்" என்றார் அத்தை. அன்று இரவே நான் தேடிப்பார்த்தேன். 1985இல் நியூ மில்ஃபோர்டில் நடந்த வேறொரு கொலை வழக்கில், குளியலறைத் துண்டு ஒன்றில் ரத்தக்கறை என்று லீ சாட்சி சொல்லியிருக்கிறார். பிறகு சோதித்தபோது அதில் ரத்தம் இல்லை. இரண்டு பேர் சுமார் முப்பது வருஷம் சிறையில் இருந்துவிட்டார்கள். 2019இல் அவர்கள் தண்டனை ரத்தானது. அத்தை வருவதற்கு நாலு மாதம் முன்பு, 2023 ஜூலையில், லீ சான்றைப் புனைந்ததற்குப் பொறுப்பாளி என்று ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்திருந்தார். தான் எதையும் புனையவில்லை என்றார் லீ.

மறுநாள் காலை காபி ஆற்றும்போது சொன்னேன். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப அந்தப் பொண்ணு கேசு?" என்றார். அது நிற்கிறது அத்தை, பல் மருத்துவரின் பதிவு இருக்கிறது, எந்திரம் வாடகைக்கு எடுத்த ரசீது இருக்கிறது, ஒரு ஆளை மட்டும் நம்பி இல்லை என்றேன். அவர் காலண்டர் தாளை எடுத்து நாலாவது பத்தி ஒன்று கோடு போட்டார். மேலே எழுதியது: 'வேற யாரு சொன்னா?' நான் யோசித்தே இருக்காத பத்தி அது. நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று. தேடுகிறேன் பேர்வழி என்று அந்தக் குடும்பத்தாரின் வலைப்பக்கத்துக்குப் போய்க் கேள்வி கேட்காதீர்கள், வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள். அத்தை ஏரியைப் பார்க்க வேண்டும் என்றார். ஹைவே 84இல் ஆற்றுப்பாலத்தைக் கடக்கும்போது, "இதுதான் அத்தை தண்ணி" என்று காட்டினேன். வண்டியை நிறுத்தவில்லை.

ஜனவரியில் காற்றடித்து எங்கள் பின்வாசல் மேப்பிள் மரத்தில் பாதி விழுந்துவிட்டது. கிளைகளைத் தூளாக்க எந்திரம் வாடகைக்கு எடுக்கலாமா என்று என் கணவர் சாப்பிடும்போது கேட்டார். அத்தை ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு மகனையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அதெல்லாம் வேண்டாம்டா, கையால வெட்டு" என்றார். மூன்று சனிக்கிழமை வெட்டினார், பாவம்.

ஏப்ரலில் ஊருக்குப் போன பிறகும் அத்தை விடவில்லை, யூடியூபில் பார்க்கிறார். போன சனிக்கிழமை காலை போன் வந்தது. ஒரு நர்ஸ் செத்துப்போயிருக்கிறாள், இரண்டாவது இடைவேளை ஆகிவிட்டது என்றார். யார் மேல் சந்தேகம் என்று கேட்டேன்.

"புருஷன்தான் எழுதியிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பென்சில்ல."