கணினியில் உள்ள பாட்டை ஹோம் தியேட்டர் ரிசீவரில் கேட்பது எப்படி?

பாட்டெல்லாம் கணினியில் கிடக்கிறது, நல்ல ஸ்பீக்கர்களோ ரிசீவரோடு இருக்கின்றன. இரண்டையும் சேர்க்கப் பலரும் முதலில் தேடுவது ப்ளூடூத்தை. அவசரத்துக்கு அது போதும். ஆனால் ப்ளூடூத் பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். பாட்டுக்கு நடுவே மின்னஞ்சல் வந்தால் அந்த 'டிங்' சத்தமும் பெரிய ஸ்பீக்கரில் அலறும்.

இதைவிட நல்ல வழி டிஎல்என்ஏ, அதாவது வீட்டு நெட்வொர்க் வழியாகப் பாட்டைப் பகிரும் முறை. இதில் கணினி எதையும் ரிசீவருக்குத் தள்ளுவதில்லை. பாட்டு அலமாரியைத் திறந்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. வேண்டிய ஃபைலை ரிசீவர்தான் வந்து எடுத்துக்கொள்கிறது. பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் எங்கே தேடுவது என்பது இதை வைத்துத்தான் புரியும்.

முதலில் இணைப்பு

ரிசீவரின் பின்பக்கம் லேன் போர்ட் இருக்கிறதா, மேனுவலில் டிஎல்என்ஏ அல்லது மீடியா சர்வர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத பழைய ரிசீவர் என்றால் கணினியை எச்டிஎம்ஐ கேபிளில் நேராகச் செருகுவதுதான் வழி, கீழே உள்ள எதுவும் தேவையில்லை.

ரிசீவரை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைப்பது நல்லது. சிடி தரப் பாட்டு, சுருக்காமல் போனாலும், நொடிக்கு 1,411 கிலோபிட்தான். எந்த வைஃபைக்கும் இந்த வேகம் பெரிதல்ல. வைஃபை காலை வாருவது சிக்னல் நடுநடுவே அறுபடும்போது.

கணினியில்

விண்டோஸில் இதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது.

1. நெட்வொர்க் செட்டிங்ஸில் உங்கள் இணைப்பு 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். பப்ளிக்காக இருந்தால் ஃபயர்வால் கணினியை மறைத்துவிடும்.
2. கண்ட்ரோல் பேனலில் 'மீடியா ஸ்ட்ரீமிங் ஆப்ஷன்ஸ்' என்று தேடி, ஸ்ட்ரீமிங்கை ஆன் செய்யுங்கள்.
3. கீழே வரும் பட்டியலில் ரிசீவரின் பெயருக்கு எதிரே 'அலவ்ட்' என்று இருக்க வேண்டும்.
4. பாட்டு வேறு டிரைவில் இருந்தால் அந்த ஃபோல்டரை மியூசிக் லைப்ரரியில் சேருங்கள். சேர்க்காத ஃபோல்டர் ரிசீவருக்குத் தெரியாது.
5. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள். கணினி தூங்கினால் அலமாரியும் மூடிக்கொள்ளும்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் யுனிவர்சல் மீடியா சர்வர் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். ரிசீவருக்குப் புரியாத ஃபார்மட்டை அது போகிற வழியிலேயே மாற்றிக் கொடுக்கும் என்பதால், விண்டோஸிலும் சில பாட்டுகள் ஓட மறுத்தால் இதுவே கைகொடுக்கும்.

ரிசீவரில்

ரிமோட்டில் 'நெட்வொர்க்' அல்லது 'நெட்' இன்புட்டை அழுத்துங்கள். மீடியா சர்வர் பட்டியலில் கணினியின் பெயர் வரும். உள்ளே போய் ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு ஓடும்.

கணினியின் பெயரே வரவில்லையா?

பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ரிசீவர் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு 'யாராவது சர்வர் இருக்கிறீர்களா?' என்று ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் ஒரே நெட்வொர்க்குக்குள்தான் கேட்கும். அதனால் பார்க்க வேண்டியவை இவை: கணினி கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா? ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' (வைஃபையில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாத செட்டிங்) ஆனில் இருக்கிறதா? விபிஎன் ஓடுகிறதா? வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்து, கணினி ஒன்றிலும் ரிசீவர் இன்னொன்றிலும் இருக்கிறதா? இரண்டின் ஐபி முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்று 192.168.0 என்றும் மற்றது 192.168.1 என்றும் தொடங்கினால் பெரும்பாலும் இந்த இரட்டை ரவுட்டர்தான் காரணம். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே நீட்டும் மோடு) மாற்றினால் சரியாகும்.

ஒரே ஆல்பம் பத்துத் துண்டாக வந்தால்

சினிமாப் பாட்டு சேர்ப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு, அதனால் ஒரே படம் பாடகர் வாரியாகச் சிதறிவிடும். பாட்டு ஃபைலுக்குள் இருக்கும் பெயர் விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக் என்ற மென்பொருளில் அந்தப் படத்தின் எல்லாப் பாட்டுகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை மட்டும் போட்டுச் சேமியுங்கள். 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் பாடகர் பெயர் அப்படியே இருக்கட்டும். பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ரிசீவரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். அங்கே ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதைத் தவிர வழியில்லை.

பாட்டு ஓடத் தொடங்கியதும் ரிசீவர் எந்த சவுண்ட் மோடில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். படம் பார்க்க வைத்த சரவுண்ட் மோடிலேயே இருந்தால் குரல் நடு ஸ்பீக்கருக்குள் ஒடுங்கிவிடும். 'ஸ்டீரியோ'வுக்கு மாற்றுங்கள். 'டைரக்ட்' மோடும் நல்லதுதான், ஆனால் பல ரிசீவர்களில் அது சப்வூஃபரை அணைத்துவிடும். பேஸ் திடீரென்று காணாமல் போனால் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதற்கு முன் அந்த பட்டனைப் பாருங்கள்.