அறுபது தாண்டினவங்களுக்கு தசை ஏறணும்னா: மொதல்ல வேலை, அப்புறம் பவுடர்

அப்பாவுக்கு கால்ல பலம் இல்லன்னு வேலூர்ல காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் நிறைய பேர் செடி புரோட்டீன் டப்பா வாங்கினு போறாங்க, அவரும் அதை கலக்கி குடிச்சிட்டு டிவி முன்னாடி ஒக்காந்துகினு இருப்பாரு. அப்படி குடிச்சா தசை ஏறாது. வயசான தசை புரதத்துக்கு மந்தமாத்தான் பதில் குடுக்கும், ஆனா வெயிட் தூக்கி வேலை குடுத்தா அடுத்த ஒரு நாளைக்கு அதே சாப்பாட்டை நல்லா வாங்கிக்கும். 1990-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல 90 வயசுக்காரங்களுக்கு 8 வாரம் கால் வெயிட் ட்ரெயினிங் குடுத்தாங்க, பலம் சராசரியா ரெண்டு மடங்குக்கு மேல போச்சு, பவுடரே இல்லாம.

அதனால வாரத்துல 2 இல்ல 3 நாள், நடுவுல ஒரு நாள் கேப் விட்டு செய்யுங்க. நாற்காலியை சுவத்துல ஒட்டி போட்டு கை ஊணாம எழுந்து எழுந்து ஒக்காரணும், 8-லேர்ந்து 12 வாட்டி, கொஞ்சம் ஓய்வெடுத்து மூச்சு நிதானமானதும் இன்னொரு ரவுண்டு. அப்புறம் சுவத்துல கை வச்சு தள்றது, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் தூக்கறது, சுவத்தை பிடிச்சிகினு குதிகாலை தூக்கி நிக்கிறது. கடைசி ரெண்டு மூணு கஷ்டமா இருக்கணும், ஈசியா ஆயிடுச்சுன்னா மடியில அரிசிப் பையை வச்சிக்குங்க, மூச்சை மட்டும் அடக்காதீங்க, பிபி ஏறும். கோட்டை பக்கம் தினம் வாக்கிங் போறேனேன்னு சொல்வாங்க, இதயத்துக்கு ரொம்ப நல்லது, தொடைக்கு அது பத்தாது. நம்ம ஊர் வெயிலுக்கு விடியகாலையிலேயே முடிச்சிடுங்க.

இப்போ சாப்பாடு. ஒரு கிலோ உடம்புக்கு 1-லேர்ந்து 1.2 கிராம் புரதம், 60 கிலோ ஆளுக்கு 60-லேர்ந்து 72 கிராம், அதை மூணு வேளையும் பிரிச்சு சாப்பிடணும். 100 கிராம் கேழ்வரகு மாவுல 7 கிராம்தான் இருக்கு, அதனால வெறும் களி பத்தாது, காராமணி குழம்பும் வேணும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வேணும். காஞ்ச மீல் மேக்கர் 50 கிராம் எடுத்தா 25 கிராம் புரதம், என்னை கேட்டா டப்பாவை விட இதுதான் லாபம். பல்லு போனவங்க, பசி எடுக்காதவங்களுக்கு பட்டாணி இல்ல சோயா பவுடர் நிஜமாவே உதவும், ஆனா செடி புரதத்துல லூசின் (தசையை வளரத் தூண்டுற அமினோ அமிலம்) கம்மி, அதனால வே புரோட்டீன் (பால்லேர்ந்து எடுக்கிற புரதம்) 20 கிராம் எடுக்கிற இடத்துல இது 30 கிராம் கிட்ட வேணும். ஸ்பூன் அளவை பாக்காதீங்க, லேபிள்ல புரதம் எவ்ளோ, சர்க்கரை எவ்ளோன்னு பாருங்க.

தசை பலத்துக்குன்னு விக்கிற இன்னொரு பவுடர் கிரியாட்டின், அது ஃபேக்டரியில செய்யறது, சைவக்காரங்களும் சாப்பிடலாம், தினம் 3-லேர்ந்து 5 கிராம், எக்சர்சைஸோட சேர்ந்தாதான் பலன், ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கிற அளவு) கொஞ்சம் கூட காட்டலாம்ன்றதால டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. அமுக்கரா (அஸ்வகந்தா) பவுடருக்கு நான் அவசரப்பட மாட்டேன், தைராய்டு, சுகர், தூக்க மாத்திரையோட அது ஒத்துப்போகாம போகலாம், சில பேருக்கு கல்லீரலும் பாதிச்சிருக்கு. கிட்னி ப்ராப்ளம் இருந்தா புரதத்தை கூட்றதுக்கு முன்னாடியே ரிப்போர்ட்டை எடுத்துகினு போய் டாக்டரை பாத்துடுங்க.