தரவுத்தள பேக்கப்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நெல் ஆலை, கூட்டுறவுச் சங்கம், மருந்துக்கடை என்று பல இடங்களில் கணக்கு இப்போது கணினிக்குள்தான் இருக்கிறது. மென்பொருள் போட்டுத் தருபவர் இரவு 2 மணிக்கு பேக்கப் (தரவுத்தளத்தின் காப்பு நகல்) ஓடும்படி வைத்துவிட்டுப் போவார். கடைக்காரரோ இடிமின்னலுக்குப் பயந்து, பூட்டும்போது மெயின் சுவிட்சையே நிறுத்திவிடுவார். மின்சாரம் இல்லாமல் பேக்கப் ஓடாது. கடைக்காரர் செய்வது சரிதான்; பிழை அந்த இரவு 2 மணி என்ற நேரத்தில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு வேளையில் ஒருமுறை, கடை பூட்டுவதற்கு அரை மணி முன்னால் ஒருமுறை என்று மாற்றுங்கள்.

அதுவும் எல்லா நாளுக்கும் போதாது. பெரும்போக நெல் வந்து இறங்கும் நாட்களில் அரை நாள் பதிவு போனாலே எந்த விவசாயிக்கு எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் போகும். உங்கள் தரவுத்தள மென்பொருள் மைஎஸ்கியூஎல் (MySQL) என்றால், ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பைனரி லாக்கை இயக்கி, அதையும் வேறு டிஸ்க்குக்கு அடிக்கடி நகலெடுங்கள். கடைசி பேக்கப்புக்குப் பிறகு பதிந்தவற்றையும் அதிலிருந்து மீட்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் இழுத்துப் போடாதீர்கள். பாதி எழுதிய நிலையில் நகல் வரும், திறக்காமலும் போகலாம். தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக (இதுதான் டம்ப்) எடுத்துத் தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையை சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் தெரிவோடு ஓட்டினால், இன்னோடிபி (மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் சேமிப்பு முறை) அட்டவணைகள் ஒரே கணத்தின் நிலையில் கிடைக்கும். விண்டோஸ் பவர்ஷெல்லில் (கட்டளை எழுதும் சாளரம்) > என்ற அம்புக்குறி போட்டு டம்ப்பைச் சேமிக்கவும் வேண்டாம். கோப்பு யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாறிவிடும், மைஎஸ்கியூஎல் அதைச் சரியாகத் திரும்ப ஏற்றாது. அதற்குப் பதிலாக மைஎஸ்கியூஎல்டம்ப்பின் ரிசல்ட்-ஃபைல் தெரிவைப் பயன்படுத்துங்கள்.

நகலைக் கணினிக்குப் பக்கத்திலேயே வைப்பது அடுத்த பிழை. 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடு கடைகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கணினியும் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க்கை மின்னலும் விடாது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் விடாது. ஒன்றைக் கழற்றி வையுங்கள். இன்னொன்றை, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, வவுனியாவில் இருக்கும் உறவினர் வீட்டுக்கோ கிளவுடுக்கோ அனுப்புங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, மீட்டுப் பார்க்காமல் இருப்பது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் இணையச் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அங்கே எதுவும் இல்லை. டம்ப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையின் நகல்) இருந்ததால் தப்பினார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், பேக்கப் ஃபோல்டரை யாரும் திறந்தே பார்க்காத நம் ஊர்க் கடைகளை நினைக்கக் கவலையாக இருக்கிறது.

ஆகவே மாதம் ஒருமுறை, தொழிலுக்குப் பயன்படாத வேறொரு கணினியில் பேக்கப்பை ஏற்றுங்கள். கடைசி பில் இருக்கிறதா, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக மாறாமல் வந்திருக்கின்றனவா, நிலுவைத் தொகை கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும், ஏற்றும் முறையையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மென்பொருள் போட்டவர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் நாளில், கல்லாவில் இருப்பவரே அதைப் பார்த்துச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.