வீதியில் பொலிஸார் மறித்துப் பணத்தையோ பொருளையோ எடுத்தால் என்ன செய்வது?

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே செல்பவர் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கிளிநொச்சியை அடைவதற்குள் ஓரிடத்திலேனும் பொலிஸார் கைகாட்டி மறிப்பது புதுமையன்று. பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும், மன்னார் – பூநகரி வீதியிலும் இதே கதைதான். பெரும்பாலும் ஆவணங்களைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பையைத் திறக்கச் சொல்லி, அதிலிருக்கும் பணத்தைக் கண்டு, "இது எங்கே இருந்து வந்தது?" என்று கேட்கத் தொடங்கினால் நம்மில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பைகளைக் கொட்டிக்காட்டி, எதை எடுத்தாலும் வாய் திறவாமல் நின்ற தலைமுறை நாங்கள். அந்தச் சோதனைச் சாவடி 2015 ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. அங்கே கற்ற மௌனம் மட்டும் எங்களோடு வந்துவிட்டது. பணத்தையும் பொருளையும் இழக்க வைப்பது பெரும்பாலும் அந்த மௌனமே.

முதலில் சாதாரணமான மறிப்பைப் பார்த்துவிடலாம். 1951 இன் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பொலிஸார் வாகனத்தை நிறுத்தவும், சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், வாகன வரி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லவும் முடியும். குற்றம் கண்டால் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு துண்டு எழுதித் தருவார்கள். அந்தத் துண்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் செல்லுபடியாகும். தண்டப்பணத்தைத் தபாலகத்தில் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறலாம். 2025 இலிருந்து கோவ்பே என்னும் இணையவழிக் கொடுப்பனவு முறையும் கட்டங்கட்டமாக அறிமுகமாகியிருக்கிறது. இவற்றில் எதிலும் வீதியோரத்தில் உத்தியோகத்தரின் கையில் காசு வைக்கும் இடம் இல்லை. "ஆயிரத்தைக் கொடுத்துவிட்டுப் போ" என்று சொல்லப்பட்டால் அது தண்டமல்ல, இலஞ்சம். 2023 இன் 9 ஆம் இலக்க ஊழலுக்கெதிரான சட்டத்தின் கீழ் வாங்குபவர் மட்டுமல்லாமல் கொடுப்பவரும் குற்றவாளியாவார். "துண்டு எழுதித் தாங்கோ சேர், நான் தபாலகத்தில் கட்டுறன்" என்ற ஒரே வாக்கியம் இதற்குப் போதும்.

இனி விடயத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். நாட்டுக்குள் உங்கள் சொந்தப் பணத்தை ரூபாயாகக் கொண்டு செல்வதற்குச் சட்டத்தில் உச்ச வரம்பு எதுவும் இல்லை. ஆகவே கையில் அதிக பணம் இருப்பது மட்டும் குற்றமாகாது. வெளிநாட்டு நாணயம் வேறு. அதை வைத்திருப்பதற்கு விதிகள் உண்டென்பதால், கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும் உறவினர்கள் விமான நிலையத்தில் கொடுத்த சுங்க அறிவிப்பின் பிரதியையும் காசு மாற்றிய பற்றுச்சீட்டையும் ஊர் வந்து சேரும் வரை பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

பணத்தையோ பொருளையோ எடுப்பதற்குப் பொலிஸாருக்கு ஒரு காரணம் வேண்டும். கைதுசெய்யப்பட்டவரிடம் கண்டெடுக்கப்பட்டதாக, களவு போனதென்று சந்தேகிக்கப்படுவதாக, அல்லது ஏதோவொரு குற்றம் நடந்திருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பும் சூழ்நிலையில் காணப்பட்டதாக அது இருக்க வேண்டும். 1979 இன் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவு, அப்படி எடுத்ததை உடனடியாக நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்றும், அந்தப் பொருள் யாரிடம் கொடுக்கப்பட வேண்டும் என்ற கட்டளையை நீதவானே வழங்க வேண்டும் என்றும் சொல்கிறது. எடுத்த பொருளை வைத்திருப்பதா திருப்பிக் கொடுப்பதா என்பது வீதியில் நிற்கும் சார்ஜன்டின் முடிவுமல்ல, பொறுப்பதிகாரியின் தயவுமல்ல. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற எல்லாக் கேள்விகளும் தாமாக வரும்: எந்தச் சந்தேகத்தின் பேரில் எடுக்கிறீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள் என்று எழுதித் தருவீர்களா, எந்த நீதிமன்றத்துக்கு எப்போது அறிவிப்பீர்கள்?

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். அங்கே பணத்தின் சொந்தக்காரர்மீது வழக்கே போடாமல், பணத்தின்மீதே குடியியல் வழக்குப் போட்டு அதை அரசுடைமையாக்க முடியும். நெப்ராஸ்காவில் வேகமாக ஓட்டியதற்காக நிறுத்தப்பட்ட ஒருவரின் வாடகைக் காரில் இருந்த 124,700 டொலர், போதைப்பொருள் எதுவும் அகப்படாத நிலையிலும், 2006 ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பால் அரசிடம் போனது. அந்த வழக்கில் பிரதிவாதியின் பெயரே அந்தத் தொகைதான். வீதியில் எடுக்கப்படும் பணத்துக்கு நம்முடைய வழமையான நடைமுறை அதுவல்ல. அங்கத்தைய காணொளிகளைப் பார்த்துவிட்டு "ஒன்றும் செய்ய ஏலாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எண்ணுதல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் மைத்துனர் இழக்கப் பார்த்தது இந்த இடத்தில்தான். நெல் விற்ற பணம் 285,000 ரூபாவை மோட்டார் சைக்கிள் இருக்கையின் கீழ் ஷொப்பிங் பையில் சுற்றி வைத்துக்கொண்டு மாலை நேரத்தில் வந்தவரை வழியில் நிறுத்தினார்கள். பையை வெளியே எடுத்தவுடன் பதறிப்போனவர், பொலிஸார் அதை அப்படியே ஜீப்பில் வைத்தபோது பேசாமல் பின்னால் போனார். நிலையத்தில் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில், வாசித்துப் பார்க்க முடியாமலே, கையெழுத்தும் போட்டார். அடுத்த நாள் சட்டத்தரணி வாசித்துச் சொன்னபோதுதான், அதில் தொகை குறிப்பிடப்படாமல் "ஒரு தொகைப் பணம்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. அந்தத் தொகை இரண்டு இலட்சமாகவும் இருக்கலாம், இருபதாயிரமாகவும் இருக்கலாம்.

ஆகவே பணம் உங்கள் கையை விட்டுப் போகுமுன் அந்த இடத்திலேயே எண்ணுங்கள். எண்ண விடாவிட்டால், "சேர், எண்ணி எழுதித் தாங்கோ" என்று மரியாதையாக, ஆனால் அருகில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாள் எத்தனை, ஆயிரம் ரூபாய்த் தாள் எத்தனை என்று பிரித்துச் சொல்வது மொத்தத் தொகையை மட்டும் சொல்வதைவிட நல்லது. பின்னர் கணக்குப் பிசகினால் எங்கே பிசகியது என்று காட்டலாம். தாளில் எழுதித் தர மறுத்தால், உங்கள் கைபேசியிலிருந்து வீட்டுக்கோ நண்பருக்கோ உடனே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: நேரம், இடம், தொகை, உத்தியோகத்தரின் சட்டையில் உள்ள இலக்கம், ஜீப்பின் இலக்கம். அந்தச் செய்தி அனுப்பப்பட்ட நேரம் பிற்பாடு நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும். கைபேசியையே எடுத்துவிடக்கூடும் என்பதால் இதை முதலில் செய்வது புத்தி. கைபேசியை உத்தியோகத்தரின் முகத்துக்கு நேரே நீட்டிக் காணொளி எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை; இருட்டிய வீதியில் தனியே நிற்பவருக்கு அதனால் நன்மையைவிட வம்பே அதிகம்.

பெண்களை உடற்சோதனை செய்வதாயின் இன்னொரு பெண்ணே, கண்ணியம் காத்து, செய்ய வேண்டும் என்பது அதே சட்டக்கோவையில் உள்ளது. பெண் உத்தியோகத்தர் வரும் வரை காத்திருக்கிறேன் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

பொலிஸ் நிலையத்துக்குப் போக நேர்ந்தால் வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது; வாய்மொழியாகக் கொடுக்கும் தகவலைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டக்கோவையின் விதி. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்று சொன்னால், நீங்களே தமிழில் கைப்பட எழுதிக் கொடுக்கக் கேளுங்கள். அதுவும் முடியாமல், விளங்காத தாளில் கையெழுத்திட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்கு மேலே "எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை; என்னிடமிருந்து எடுத்த தொகை இவ்வளவு" என்று தமிழில் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெளியே வருமுன் முறைப்பாட்டுப் புத்தகத்தின் பதிவு இலக்கத்தையும் திகதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்று சொல்லப்பட்டால் மட்டும் கதை வேறு. அப்போது வேறெதையும் விவாதிக்காமல் குடும்பத்தாருக்கும் சட்டத்தரணிக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் தகவல் போகச் செய்வதே முதல் வேலை.

அடுத்த படி நீதவான் நீதிமன்றம். விசாரணை பற்றிப் பொலிஸார் அங்கே தாக்கல் செய்யும் "பி அறிக்கை"யின் இலக்கத்தைத் தெரிந்துகொண்டு, சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் என்னும் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்து பொருளை விடுவிக்கக் கேட்கலாம். பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இது உங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி? வங்கியிலிருந்து எடுத்த பணமென்றால் மீளப்பெற்ற சீட்டும் வங்கிப் புத்தகமும், நெல்லென்றால் ஆலைக்காரரின் பில், நகை அடகு வைத்ததென்றால் அடகுச் சீட்டு. சிக்கல் வருவது சீட்டுக்காசுக்கும் கைமாற்றுக்கும். வன்னியில் பாதிப் பணம் இப்படித்தான் நடமாடுகிறது, ஒரு துண்டும் இல்லாமல். சீட்டுப் பிடிக்கும் அக்காவின் கொப்பியில் உங்கள் பெயரும் தொகையும் திகதியும் எழுதப்பட்ட பக்கத்தைப் புகைப்படமெடுத்து வைத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. பெருந்தொகையோடு பயணம் புறப்படும் நாளில் அத்தாட்சியின் பிரதியைப் பணத்தோடு வைக்காதீர்கள்; பணத்தை எடுப்பவர் தாளையும் சேர்த்தே எடுப்பார்.

வாகனம் பிடிபட்டால் விடுவிக்கக் கேட்க வேண்டியவர் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர். பதிவைத் தன் பெயருக்கு மாற்றாமல் ஓபன் பேப்பரில் வாங்கிய மோட்டார் சைக்கிளையோ பட்டா வாகனத்தையோ ஓட்டுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பதிவுக்காரர் குருநாகலிலோ காலியிலோ இருப்பார், தொலைபேசியை எடுக்கமாட்டார். லீசிங் வாகனமென்றால் நிறுவனத்தின் கடிதமும் வேண்டும்.

மரம், மணல், மாடு ஆகிய மூன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் முதிரையோ பாலையோ ஏற்றினால் வனக் கட்டளைச் சட்டமும், மணல் ஏற்றினால் 1992 இன் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டமும், மாடு ஏற்றினால் 1958 இன் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் பாயும். இங்கே ஏற்றிய சாமான் மட்டுமல்ல, டிப்பரும் உழவு இயந்திரமுமே ஆபத்தில் இருக்கின்றன. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிவிட்டால் கதை முடிந்ததென்று உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். மர வழக்கில் அந்த ஒப்புதலோடுதான் வாகனம் அரசுடைமையாகும் கட்டம் தொடங்குகிறது. குற்றம் நடக்காதிருக்கத் தன்னால் இயன்ற எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுத்ததாக உரிமையாளர் அப்போது விசாரணையில் நிரூபிக்க வேண்டும். "அப்படிச் செய்யாதே என்று வாயால் சொன்னேன்" என்பது மட்டும் நீதிமன்றத்துக்குப் போதுவதில்லை. எனவே சாரதி ஒப்புக்கொள்ளுமுன் உரிமையாளர் தனியே ஒரு சட்டத்தரணியைக் காண வேண்டும்.

எடுத்தது பதிவாகவே இல்லை, அல்லது எடுத்ததைவிடக் குறைவாகப் பதிவாகியிருக்கிறது என்றால் காலம் மிக முக்கியம். நிலையப் பொறுப்பதிகாரியிடமும், அவருக்கு மேலுள்ள உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமும் எழுத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் இலக்கம் 1960, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவினது 1954, மனித உரிமைகள் ஆணைக்குழுவினது 1996. கடைசியாகச் சொன்னதற்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. நம்மவர்கள் கோயில் திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, ஐந்தாவது கிழமையில் சட்டத்தரணியிடம் போகிறார்கள்.

மைத்துனருக்கு ஆலைக்காரரின் பில் கைகொடுத்தது. சில வழக்குத் தவணைகளுக்குப் பிறகு பணத்தை விடுவிக்கக் கட்டளை கிடைத்தது. பொருளை மீளப் பெறும் நாளில் செய்ய வேண்டியதை அவரிடமிருந்தே கற்றேன். உறையின் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவேட்டைத் தள்ளி "இதில ஒப்பம் வையுங்கோ" என்று சொல்லப்பட்டபோது பேனையை வாங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, சாளரத்தின் முன்னே நின்றபடியே எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக எண்ணி முடித்து, 285,000 என்று பதிவேட்டில் இலக்கத்திலும் எழுத்திலும் இருப்பதைப் பார்த்த பின்னரே கையெழுத்திட்டார்.