ஏர்லைன் இன்டர்வியூவும் சிம் தேர்வும்: நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு

சிபிஎல் எனும் வணிக விமானி லைசென்ஸ் வாங்கியாச்சு, பறந்த மணியைக் குறிக்கும் லாக்புக்கில் 200 மணி நேரமும் ஏறியாச்சு என்றால், ஏர்லைன் இன்டர்வியூவுக்கும் சிம்முக்கும் (தரையிலேயே ஓட்டிக்காட்டும் மாதிரி விமானி அறை) அழைப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் இனிஷியலைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வெறும் ஓர் எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பா பெயராக விரிந்து சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். லைசென்ஸில் இரண்டும் சேர்ந்து ஒரே பெயராகிவிடும். வடக்கே இருந்து காகிதம் சரிபார்ப்பவருக்கு இனிஷியல் என்ற வழக்கமே புரியாது. மூன்று ஆட்கள் என்றுதான் நினைப்பார். தேதி வந்த பிறகு அஃபிடவிட்டுக்கு அலையாமல், எல்லாக் காகிதத்தையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கு இப்போதே கொண்டுவந்துவிடுங்கள். பெயர் பெரிதாக மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்கு விண்ணப்பம் எழுதுபொருள் அச்சுத்துறைக்குப் போகும், வாரக்கணக்கில் ஆகும்.

அடுத்தது லாக்புக். ஒவ்வொரு பக்கத்தின் கூட்டுத்தொகையையும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். பிஐசி (பொறுப்பு விமானியாகப் பறந்தது) 100 மணி, அதில் கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறந்தது) 50 மணி, அதற்குள் 300 நாட்டிகல் மைல் பயணம் ஒன்று என்று கேட்டவுடன் பக்கத்தைத் திருப்பிக் காட்டத் தெரிய வேண்டும். தேர்வாளர் ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து, "அன்றைக்கு ஏன் பாதியில் திரும்பினீர்கள்?" என்று கேட்பது வாடிக்கை. நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு முதல் வகுப்பு மெடிக்கல் (உடல்தகுதிச் சான்று) 12 மாதம்தான் செல்லும். தேர்வு நாளுக்கு முன் காலாவதி ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்க் காற்றே பாதிப் பாடம்

டெக்னிக்கல் சுற்றில் நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வானிலையில். புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். "சரி, உங்கள் ஊர் வானிலையைச் சொல்லுங்கள்" என்றதும் வாயடைத்துவிடும். நெல்லைக்காரனுக்கு இதைவிட லேசான கேள்வி கிடையாது. ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல், அதே நேரம் பாளையங்கோட்டையில் மண்ணை வாரி அடிக்கும் வறண்ட மேல்காற்று. இதை விளக்கிவிட்டால் ஓரோகிராஃபிக் மழை (மலை தடுத்துக் காற்று மேலேறிப் பெய்வது) முழுவதும் சொன்ன மாதிரி. ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறுகிறது. மேகம் கட்டும்வரை 1000 அடிக்கு சுமார் 3 டிகிரி குளிர்கிறது, கட்டிய பிறகு சுமார் ஒன்றரை டிகிரி. ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது 1000 அடிக்கு 3 டிகிரி என்று சூடேறுகிறது. அதனால் இந்தப் பக்கம் மழை மறைவு. மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் ரோட்டரும் (உருளும் காற்றுச் சுழல்) டர்புலன்ஸும் (குலுக்கல்) இருக்கும். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்று நெருக்கிப் பிதுங்கி வேகம் பிடிக்கிறது, முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கும் காரணமும் அதுதான்.

ஐப்பசி கார்த்திகைக்கு வேறு கதை. வடகிழக்குப் பருவக்காற்று, குமரிக்கடல் பக்கம் மேலடுக்குச் சுழற்சி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது அப்படித்தான்.

இதோடு நிறுத்தினால் பள்ளிக்கூடப் பதில். விமானி பதிலாக்க வேண்டும் என்றால் முடிவுவரை போங்கள்: "ஜூன் மாதம், தூத்துக்குடி வாகைக்குளத்துக்குப் போகிறேன், மாற்று விமான நிலையம் எது?" திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் தென்மேற்கு மழை நேராக அடிக்கும் கரையில் இருக்கிறது. மதுரை மழை மறைவில். அன்றைய மெட்டார் (அப்போதைய வானிலை அறிக்கை), டாஃப் (நிலையத்துக்கான முன்னறிவிப்பு) இரண்டையும் பார்த்து, பெரும்பாலும் மதுரை என்பேன். அங்கே போய்ச் சேர எரிபொருள், அதற்கு மேல் 1500 அடியில் 30 நிமிடம் சுற்ற ஃபைனல் ரிசர்வ் எனும் கடைசி எரிபொருள் இருப்பு. இப்படிக் காரணம் சொல்லி வந்து நின்றால், தேர்வு செய்த நிலையம் அவருக்குப் பிடிக்காவிட்டாலும் மதிப்பெண் போகாது.

வாகைக்குளத்தின் ஓடுபாதை 10/28, அதாவது ஒரு பக்கம் 100 டிகிரி திசை, மறுபக்கம் 280 டிகிரி. காற்று 310 டிகிரியிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 நாட்டிகல் மைல்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 28இல் இறங்கினால் கோணம் 30 டிகிரி, குறுக்குக் காற்று பாதி, அதாவது 10 நாட். எதிர்க்காற்று சுமார் 17. கோணம் 45 என்றால் பத்தில் ஏழு பங்கு, 60க்கு மேல் போனால் ஏறக்குறைய முழுவதும். மெட்டாரில் வரும் காற்று ட்ரூ நார்த்தை (உண்மை வடக்கு) வைத்து, டவர் சொல்வது மேக்னெட்டிக்கை (காம்பஸ் காட்டும் வடக்கு) வைத்து. நம் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான வேரியேஷன் மிகக் குறைவு என்பதால் பலர் இதை மறந்தே போகிறார்கள், கேள்வியில் மாட்டுகிறார்கள். அந்த 10 நாட் குறுக்குக் காற்றை 60ஆல் பெருக்கி, ஏர்ஸ்பீடு 140ஆல் வகுத்தால் சுமார் 4 டிகிரி டிரிஃப்ட், அதாவது காற்று பக்கவாட்டில் தள்ளும் கோணம். இந்த 4 டிகிரி சிம்மில் ஐஎல்எஸ் (ரேடியோ அலை வழிகாட்டும் முறை) பிடித்து இறங்கும்போது திரும்ப வரும்.

விரல் நுனியில் இருக்க வேண்டிய வேறு கணக்குகள்: 3 டிகிரி கிளைடுக்கு (இறங்கும் சரிவுக்கு) இறங்கு வேகம் கிரவுண்ட் ஸ்பீடை (தரையை வைத்துப் பார்க்கும் வேகத்தை) போல ஐந்து மடங்கு, 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. இறங்கத் தொடங்கும் தூரம், ஆயிரம் அடிக்கு 3 மைல். டயர் அழுத்தம் 200 பிஎஸ்ஐ என்றால் அதன் வர்க்கமூலம் 14 சொச்சம், அதை 9ஆல் பெருக்கினால் சுமார் 127 நாட்டில் ஹைட்ரோபிளேனிங், அதாவது நனைந்த ஓடுபாதையில் டயர் தண்ணீர் மேல் வழுக்குவது. ஆப்டிட்யூட் தேர்வின் மனக்கணக்குக்குப் புதுப் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் பஸ் ஏறியதும் தொடங்கலாம்: 80 கிலோமீட்டர், 55 வேகம், எத்தனை நிமிடம்? கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் 87 என்று வர வேண்டும்.

நாக்கு

நெல்லைப் பேச்சின் வேகம் ஆங்கிலத்திலும் வந்துவிடும். அதோடு மூன்று பழக்கங்கள் ஆர்டியில் (ரேடியோ பேச்சில்) இடிக்கும். எ, ஏ வில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு 'ய்' சேர்ப்பது: 'எய்ட்' என்பது 'யெய்ட்டு' ஆகும். கடைசியில் ஓர் உகரம் ஒட்டுவது. ப, ஃப இரண்டையும் ஒன்றாக்குவது. எண்களை ஐகாவோ (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) முறையில் 'ட்ரீ', 'ஃபோவர்', 'ஃபைஃப்', 'நைனர்' என்று சொல்லிப் பழகினால் பாதி சரியாகும். போன் ரெக்கார்டரில் ஒரு கிளியரன்ஸை (டவர் தரும் அனுமதியை) பேசி, உடனே ரீட்பேக் செய்து (அதையே திரும்பச் சொல்லி), மறுநாள் கேளுங்கள். மறுநாள் உங்களுக்கே புரியவில்லை என்றால் வேகம் கூடுதல்.

சிம்

பெரும்பாலும் ஏ320 அல்லது 737 சிம், ஃப்ளைட் டைரக்டரும் (மூக்கை எங்கே வைப்பது என்று காட்டும் கோடுகள்) ஆட்டோத்ரஸ்டும் (தானே பவர் வைப்பது) இல்லாமல் ரா டேட்டா, அதாவது வெறும் கருவிகளைப் பார்த்தே ஓட்டுவது. டேக்ஆஃப், ஏற்றம், 30 டிகிரி சாய்வில் திருப்பம், 45 டிகிரி சாய்வில் ஸ்டீப் டர்ன், ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) மீட்பு, ஹோல்டிங் (ஓரிடத்தில் சுற்றிக் காத்திருப்பது), ஐஎல்எஸ், கோ அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலேறுவது): கிட்டத்தட்ட இதுதான் வரிசை. உயரம் 100 அடி, வேகம் 10 நாட் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகலாம் என்று பொதுவாக விடுவார்கள். வெளியே போனதற்காக மட்டும் யாரையும் தள்ளுவதில்லை. வெளியே போனது தெரிந்ததா, சின்னத் திருத்தமா, முரட்டுத் திருத்தமா என்றுதான் பார்ப்பார்கள்.

கருவியின் முள்ளைத் துரத்துவதுதான் முதல் எமன். உயரம் 60 அடி குறைந்ததும் யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் பிடியை) இழுப்பது, 150 அடி கூடியதும் தள்ளுவது, அதற்குள் வேகம் போய்விடும். இதற்கு மருந்து, மூக்கும் பவரும் எங்கே இருந்தால் விமானம் எப்படிப் போகும் என்ற மூன்று வரியை நெஞ்சில் எழுதி வைப்பது. 737-800 சிம்மில் தோராயமாக இப்படி: 250 நாட் க்ளீன் (இறக்கைத் தகடான ஃப்ளாப்பும் சக்கரமான கியரும் வெளியே இல்லாமல்) என்றால் மூக்கு 4 டிகிரி, என்1 (எஞ்சின் சுழல் வேகச் சதவீதம்) 60 சொச்சம். ஃப்ளாப் 5, 180 நாட் என்றால் 6 டிகிரி, 60 பக்கம். ஃப்ளாப் 30, கியர் கீழே, கிளைடில் இறங்கும்போது இரண்டரை டிகிரி, 55 பக்கம். எடையைப் பொறுத்து ஒன்றிரண்டு மாறும். பிரீஃபிங் தாளில் கொடுத்திருக்கும் எண்தான் செல்லும். முதலில் இந்த எண்ணை வையுங்கள், பிறகு முள் வந்து சேரட்டும். கண் மூக்கிலிருந்து உயரத்துக்குப் போய் மூக்குக்குத் திரும்ப வேண்டும், அங்கிருந்து ஹெடிங், திரும்ப மூக்கு, பிறகு வேகம்.

செஸ்னாவில் பழகிய கைக்கு இரண்டு அதிர்ச்சி உண்டு. ஜெட் எஞ்சின் ஐடிலிலிருந்து (குறைந்தபட்ச பவரிலிருந்து) எழும்ப சில விநாடி எடுக்கும், பவரை முழுக்க மூடினால் மீண்டும் கேட்கும்போது கிடைக்காது. இறக்கைக்குக் கீழே எஞ்சின் தொங்குவதால் த்ரஸ்ட் (உந்துவிசை) கொடுத்ததும் மூக்கு தானே ஏறும். கோ அரவுண்டில் இதைப் பிடித்து நிறுத்தி டிரிம் செய்ய (கையின் பாரம் குறையும்படி சமன் செய்ய) தவறுபவர்கள்தான் அதிகம். ஏ320 நார்மல் லாவில் (வழக்கமான கணினிக் கட்டுப்பாட்டு நிலையில்) தானே டிரிம் செய்துகொள்ளும், 737 செய்யாது. யோக்கை இரண்டு விரலால் பிடிக்க முடியவில்லை என்றால் டிரிம் சரியில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பயிற்சியில் இடது இருக்கை, பவர் வலது கையில். ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு (துணை விமானிக்கு) வலது இருக்கை, பவர் இடது கையில். வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இடப்பக்கம் ஸ்டூலில் ஒரு சில்வர் டம்ளரை வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் த்ரஸ்ட் லீவர். சுவரில் காக்பிட் படம். வாய்விட்டு கால்அவுட் (அந்தந்தக் கட்டத்தில் உரக்கச் சொல்ல வேண்டியவை) சொல்லிக்கொண்டே டேக்ஆஃபிலிருந்து கோ அரவுண்ட் வரை தினம் மூன்று முறை. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஸ்டீப் டர்னில் 45 டிகிரிக்கு எடை 1.41 மடங்கு ஆகிறது, ஸ்டால் வேகம் சுமார் 19 சதவீதம் ஏறுகிறது. 30 டிகிரி தாண்டும்போதே மூக்கை ஒரு பொடி ஏற்றி, என்1ஐ நாலைந்து சதவீதம் கூட்டுங்கள். ஸ்டாலில் முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. அடுத்து இறக்கையைச் சமமாக்குவது, அதன் பிறகுதான் பவர். பவரை முதலில் தள்ளும் பழைய பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள்.

ஹோல்டிங் நுழைவுக்கு விரலை மடக்கி எண்ண வேண்டாம். வலது திருப்ப ஹோல்டில், அவுட்பவுண்ட் (விலகிப் போகும்) திசை உங்கள் ஹெடிங்கிலிருந்து வலப்பக்கம் 70 டிகிரிக்குள் விழுந்தால் டியர்டிராப் (30 டிகிரி சாய்ந்து விலகித் திரும்புவது), இடப்பக்கம் 110க்குள் விழுந்தால் பேரலல் (இணையாக விலகித் திரும்புவது), மற்றதெல்லாம் டைரக்ட் (நேரே நுழைவது). இன்பவுண்ட் (நோக்கி வரும் திசை) 320, நீங்கள் 090இல் வருகிறீர்கள் என்றால், அவுட்பவுண்ட் 140, வலப்பக்கம் 50 டிகிரி. ஆக டியர்டிராப்: 140இல் 30 கழித்து 110, ஒரு நிமிடம், பிறகு வலப்பக்கம் திரும்பி 320ஐப் பிடியுங்கள். 14,000 அடி வரை அவுட்பவுண்ட் ஒரு நிமிடம், அதற்கு மேல் ஒன்றரை.

ஐஎல்எஸில் லோக்கலைசர் (ஓடுபாதை நடுக்கோட்டைக் காட்டும் முள்) அரை டாட் (கருவியில் உள்ள புள்ளி அளவு) விலகினால் ஹெடிங்கில் 5 டிகிரிக்கு மேல் வேண்டாம். முன்னால் போட்ட டிரிஃப்ட் கணக்கு இங்கேதான் உதவும்: 4 டிகிரியை முதலிலேயே வைத்துவிட்டால் துரத்த வேண்டியதில்லை. மேகத்துக்குள் 1000 அடியில் வேகமும் சரிவும் நிலைப்படவில்லை என்றால் தயங்காமல் "கோ அரவுண்ட்". இழுத்துப்பிடித்து இறக்கிக் காட்டுபவருக்கு அங்கே மதிப்பு இல்லை.

இரண்டு பேராக அனுப்பினால், நீங்கள் ஓட்டாத நேரமும் தேர்வுதான். பக்கத்தில் இருப்பவர் போட்டியாளர் என்று வாயை மூடி உட்காராமல், "ஸ்பீட்", "ஆல்டிட்யூட்" என்று விலகலைச் சொல்லிக் கொடுங்கள்.

அண்ணாச்சி மரியாதை

இன்டர்வியூவில் தவறாமல் வரும் கேள்வி: 500 அடியில் அப்ரோச் (ஓடுபாதையை நெருங்கி இறங்குவது) நிலைப்படவில்லை, கேப்டன் இறங்கப் பார்க்கிறார், என்ன செய்வீர்கள்? பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் நாம். "மரியாதையாக எடுத்துச் சொல்வேன்" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. 2010 மே 22இல் மங்களூரில் கோ அரவுண்ட் என்று துணை விமானி சொல்லியும் இறக்கினார்கள். 158 பேர் இறந்தார்கள். பதில் சுருக்கமாக இருக்க வேண்டும்: "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்" என்பேன், பதில் இல்லை என்றால் இன்னொரு முறை உரக்கச் சொல்வேன், அதற்கும் அசையவில்லை என்றால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று எடுத்துக்கொள்வேன். குரலில் தடுமாற்றம் இல்லாமல் சொல்ல, இதையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே பழகுங்கள்.

டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பேப்பரில் எத்தனை தடவை தோற்றீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், பிறகு எப்படிப் படிப்பை மாற்றினீர்கள் என்று ஒரு வரி. உங்கள் கம்ப்யூட்டர் நம்பர் (தேர்வுப் பதிவு எண்) அவர்களிடம் இருக்கிறது.

சிம் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும். உங்களுக்கு நள்ளிரவு இரண்டு மணி ஸ்லாட்கூட விழலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து போய் எழும்பூரில் இறங்கி நேராக சிம்முக்குப் போகாதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, ஸ்லாட் நேரத்துக்கு ஏற்றபடி தூக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அசல் காகிதங்களை ஒரு ஃபைலிலும், இரண்டு செட் நகலைத் தனியாகவும் வையுங்கள். லாக்புக் மட்டும் கைப்பையில், சூட்கேஸில் வேண்டாம்.