குடும்பத்தோடு வனவிலங்குச் சரணாலயம்: முதல்முறை போகிறவர்களுக்கு

மிருகக்காட்சிசாலைக்குப் போய்ப் பழகிய பிள்ளைகள் சரணாலயத்தில் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே "எங்கே, ஒண்ணையும் காணோமே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே எதையும் கூண்டில் வைத்திருக்கவில்லை, காத்திருந்தால்தான் கண்ணில் படும் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 1: நாளும் பொழுதும்

சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரமும், சாயங்காலம் அடைகிற நேரமும்தான் நல்ல பொழுது. உச்சிவெயிலில் போனால் மரம்தான் பார்க்கலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்டு தளத்தில் சரணாலயத்தின் பெயரைத் தேடுங்கள். சமீபத்தில் அங்கே யார் எந்தப் பறவையைப் பார்த்தார்கள் என்று தெரியும். கூடு கட்டும் காலத்தில் சில பாதைகளை மூடிவிடுவார்கள். அமெரிக்காவில் பல சரணாலயங்களில் சீசனில் வேட்டைக்கே அனுமதி உண்டு. அதனால் அறிவிப்புப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: பைனாகுலர்

பாதிப் பேர் தோற்பது இங்கேதான். 8x42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. என்று அர்த்தம். பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைகளுக்கு எடை குறைவான 8x32 சரிப்படும். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று ஆசைப்படாதீர்கள், கை நடுக்கமும் அத்தனை மடங்காகிவிடும்.

முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி, ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருகி, இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, பெரும்பாலும் வலது குழலில் இருக்கும் தனி வளையத்தைத் திருகுங்கள். அதற்கப்புறம் நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும்.

பறவையைப் பார்த்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடினால் பறவை போய்விடும். பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இதை வீட்டு ஜன்னலிலேயே பிள்ளைகளுக்குப் பழக்கிவிடலாம், சூரியன் பக்கம் மட்டும் திருப்பக்கூடாது.

படி 3: உடை

மங்கலான நிறம், முழுக்கால் சட்டை, தண்ணீர். அவ்வளவுதான்.

படி 4: உள்ளே போனதும்

எல்லாப் பாதையையும் சுற்றிவிட வேண்டும் என்று அலையாதீர்கள். நீர்நிலை தெரிகிற ஓரிடத்தில் இருபது நிமிடம் உட்காருங்கள். காரில் போக அனுமதி இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். காருக்கு மிரளாத விலங்கு, கதவைத் திறந்து இறங்கும் ஆளைக் கண்டதும் ஓடிவிடும். சின்னவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: நாரை எத்தனை அடி வைத்த பிறகு மீனைக் கொத்துகிறது என்று எண்ணட்டும். சத்தம் தானாகக் குறையும்.

படி 5: தூரம்

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் விலங்கு முழுசாக விரலுக்குப் பின்னால் மறைய வேண்டும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடி, ஓநாய் என்றால் 100 கஜம் (சுமார் 91 மீட்டர்) தள்ளி நிற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியை அநாதை என்று தூக்கிவிடாதீர்கள். தாய் அதை அங்கே விட்டுவிட்டு மேயப் போயிருக்கும். தீனி எதற்கும் போட வேண்டாம்.

வெளியே வந்ததும் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால், அக்குளில், முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக மேலே இழுத்து எடுத்துவிடுங்கள்.